தார்சா (வீட்டு முன்கூடம்) சுவர் ஒருவழியாக வெடிப்பில்லாமல் நின்றுவிட்டது

செங்கல்லும் மண்சாந்துமாக எழுப்பிய பழைய வீட்டுச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு எமன். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, உள்ளே செங்கல் மாவாக உதிர்கிறது. இதைப் பார்த்த பிறகும் 'மேலே வாட்டர்புரூஃப் அடிச்சிடலாம்' என்கிறவர்களை என்ன சொல்ல! நாலடி உயரத்துக்குச் சிமெண்டைக் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டி, கோடை முழுக்கக் காயவிட்டாயிற்று.

கலவை தெரிந்ததுதான். தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று. பத்து லிட்டர் தண்ணீருக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் அரை அரைக் கிலோ, பத்து நாள் புளிக்கவேண்டும்; சாந்தைக் குழைப்பது அந்தத் தண்ணீரில்தான். கருப்பட்டி கூடினால் சாந்து இறுகாது.

சூட்சுமமெல்லாம் பூசிய பிறகு தேய்ப்பதில்தான். 12 மில்லிமீட்டருக்கு மேல் கனம் போகாவிட்டாலும், சுண்ணாம்பு தண்ணீரை விடும்போது மயிரிழை வெடிப்பு வரத்தான் செய்யும். அதை மூட ஒரு பதம் உண்டு: கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழக்கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழவேண்டும். அந்நேரம் மணியாசுக் கட்டையை (கொத்தனார் பூச்சைத் தேய்க்கும் மரப்பலகை) சுற்றிச் சுற்றி அழுத்தித் தேய்த்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும். முந்தினால் சாந்து கட்டையோடு பெயர்ந்து வரும். பிந்தினால் மணல்தான் உதிரும். வெயில் படும் பக்கம் அன்று மாலையே பதம் வந்துவிட்டது, தூணுக்குப் பின்னால் நிழல் மூலையில் மறுநாள் மதியமாயிற்று. இரும்புக் கரண்டியால் வழுவழுவென்று இழைக்கவே விடாதீர்கள். மேல்தோல் அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாது. சுண்ணாம்பு கல்லாக இறுகுவதே காற்றால்தான்.

ஆடிக் காற்றில் பூச்சு வேலை வேண்டாம், ஈரத்தை உறிஞ்சிவிடும். மற்ற மாதங்களிலும் ஒரு வாரம் நனைந்த சாக்கைத் தொங்கவிடுங்கள்.

கருப்பட்டிக்கு உடன்குடி. சீனிக் கலப்பு இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். கடைசி வெள்ளைப் பூச்சுக்குத் தூத்துக்குடிப் பக்கத்துச் சிப்பிச் சுண்ணாம்பைச் சுட்ட சிப்பியாகவே வாங்கி நாமே நீற்றுவது நல்லது. அதில் கருப்பட்டித் தண்ணீர் சேர்க்கக்கூடாது, பழுப்பு இறங்கும்.

அந்தப் பூச்சு பாக்கி இருக்கும்போதே மனசு கூரைக்குத் தாவிவிட்டது. சுவருக்குள் செருகிய பனங்கை (பனைமரச் சட்டம்) நுனிகளைக் கரையான் அரித்திருக்கிறது. இடித்த வீட்டுக் கட்டைதான் தேடவேண்டும். வெட்டுமுகத்தில் கறுத்த வைரம், அதாவது கெட்டியான நார், நெருக்கமாக இருக்கிறதா பாருங்கள். வெளிறிய சோறு (மெத்தென்ற உள்பகுதி) அதிகமிருந்தால் தொடவே வேண்டாம். மேற்குப் பக்கம் பொதுச்சுவர் என்பதால், அங்கே கட்டையை உருவுவதற்கு முன் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் பேசியாகவேண்டும்.