குளத்து மட்டமும் டேட்டா அட்ரிபியூட்டும்

மாரி தொடங்கினால் வன்னியில் முதல் கேள்வி குளத்தில் எத்தனை அடி தண்ணி என்பதுதான். கிளிநொச்சியில் நான் பார்த்துக்கொடுக்கும் ஒரு வெப்சைட்டில் அதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது, இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம் என்று வரிசையாக. எனக்கு முன் அதைச் செய்தவர் ஒவ்வொரு குளத்தின் மட்டத்தையும் டேட்டா அட்ரிபியூட்டில் (பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லின் டேக்குக்குள் data- என்று தொடங்கும் பெயரில் வைக்கும், திரையில் தெரியாத மதிப்பு) போட்டு, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸின் அட்டர் (attr) மூலம் அதை எடுத்துப் பெயருக்குப் பக்கத்தில் காட்டியிருந்தார். பார்க்க வடிவு, எழுதும் கோட் (code) வரிகளும் குறைவு.

ஆனால் கமக்காரர் அமைப்புச் செயலாளர் ஒருவர் அதை அப்படியே கொப்பி பண்ணி வாட்ஸ்அப் குழுவில் போட, குளங்களின் பெயர் மட்டும் போனது, அடியைக் காணோம். "தம்பி, தண்ணி எங்க போட்டுது?" என்று கேட்டார். சிஎஸ்எஸ் இப்படிச் சேர்க்கும் எழுத்து திரையில் தெரியும், அவ்வளவுதான். கொப்பியில் வராது, தேடினாலும் அகப்படாது. ஆட்கள் வாசிக்க வேண்டியது எச்டிஎம்எல்லில் எழுத்தாகவே இருக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

அதற்காக அட்ரிபியூட்டைத் தூக்கி எறியவில்லை. இரணைமடு என்றால் ஆட்களுக்கு '34 அடி 6 அங்குலம்' என்ற எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அதே டேக்கில் 414 என்று அங்குலக் கணக்கு. இரண்டையும் சேர்வரிலுள்ள ஒரே எண்ணிலிருந்து எழுதவைத்தேன், ஒன்று மாறி மற்றது மாறாமல் நிற்கக்கூடாதல்லவா. (டேட்டா என்ற முன்னொட்டை விட்டு வெறும் பெயர் வைத்தாலும் வேலை செய்யும்தான், ஆனால் நாளைக்கு எச்டிஎம்எல்லில் அதே பெயர் வேறு அர்த்தத்தோடு வந்தால் வம்பு.)

அப்புறம் நிறைய நீருள்ள குளம் மேலே வரவேண்டும் என்றார்கள். வரிசைப்படுத்தினால் 8 அடிச் சின்னக்குளம் இரணைமடுவுக்கு மேலே போய் இருக்கிறது! அட்ரிபியூட்டில் எதைப் போட்டாலும் எழுத்தாகத்தான் திரும்பி வரும். எழுத்தாக ஒப்பிட்டால் 9 இல் தொடங்கும் 96 (8 அடியின் அங்குலக் கணக்கு), 4 இல் தொடங்கும் 414 ஐ வென்றுவிடும். நம்பராக மாற்றியபின் சரி.

இப்போது குளம் நிரம்பும் முழு மட்டத்தையும் இன்னொரு அட்ரிபியூட்டாகச் சேர்த்திருக்கிறேன். இரணைமடுவுக்கு 36 அடி, அதாவது 432. கழித்தால் 'நிரம்ப இன்னும் 18 அங்குலம்' என்று பக்கமே சொல்லும். மாரியை நம்பி விதைக்கும் காலபோகக்காரருக்கு அதுதான் வேண்டியது, அடிக்கணக்கை அவர்கள் குளக்கட்டிலேயே பார்த்துவிடுவார்கள்.