மேரி கியூரி ஃபெலோஷிப்: விண்ணப்பம் சறுக்கும் இடங்கள்

பிஎச்டி முடித்தவர்களின் ஆராய்ச்சிக்கு ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி ஃபெலோஷிப் எனக்கு இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. முதல் வருடம் ப்ரொபோசல் (ஆய்வுத் திட்ட விண்ணப்பம்) மதிப்பீட்டுக்கே போகவில்லை. விண்ணப்பிக்கும் இணையதளமான போர்ட்டலில் டிராஃப்ட்டாகவே கிடந்து கெடு முடிந்தது. அறிவியலில் ஒரு குறையும் இல்லாமல் ஒரு வருடம் வீணானது இன்னும் வலிக்கிறது. ஐரோப்பாவில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) தேடுகிறவர்கள் இதே குழிகளில் விழக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். திட்டத்தின் மற்ற அடிப்படை விவரங்களெல்லாம் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே சொல்லும் விதிகள் 2021 முதல் 2025 வரையிலான அழைப்புகளில் (வருடாந்திர விண்ணப்ப அறிவிப்புகளில்) இருந்தவை. நீங்கள் போடும் வருடத்தின் வழிகாட்டியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மண்டையில் ஏற வேண்டியது: எழுதுவது நீங்கள், ஆனால் சட்டப்படி விண்ணப்பதாரர் உங்களை ஏற்கும் ஐரோப்பிய நிறுவனம். போர்ட்டலில் ப்ரொபோசலைத் திறப்பவர் அங்குள்ள சூப்பர்வைசர். 'முதன்மைத் தொடர்பாளர்' என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கும். போர்ட்டலில் நிறுவனத்தை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க 'பிக்' (PIC) எண்ணைப் போட்டு அவர் திறந்த பிறகுதான் உங்களைச் சேர்க்க முடியும். சேர்க்கும்போது முழு அனுமதியும் கொடுக்கலாம், படிக்க மட்டும் அனுமதியும் கொடுக்கலாம். எனக்குக் கிடைத்தது படிக்க மட்டும். அதை யாரும் கவனிக்கவில்லை. கடைசி நாளில் சூப்பர்வைசர் விமானத்தில் இருந்தார். பிடிஎஃப் என் கையில் தயாராக இருந்தும் ஏற்ற முடியவில்லை.

உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக, படிவத்தில் ஏதாவது ஒரு கட்டத்தை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். சேமிக்க முடியவில்லை என்றால் அன்றே மெயில் போட்டு முழு அனுமதி கேளுங்கள். இன்னொன்று, எத்தனை முறை வேண்டுமானாலும் சமர்ப்பிக்கலாம், கடைசியாக ஏற்றியதுதான் கணக்கில் வரும். அதனால் முழுதாகச் செதுக்கி முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே அரைகுறையாக இருந்தாலும் ஒரு பதிப்பைச் சமர்ப்பித்துவிடுங்கள். கெடு பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணி, செப்டம்பரில் நமக்கு இரவு 8.30. கடைசி ஒரு மணி நேரத்தை நம்பவே வேண்டாம். போட்டி போடும் கூட்டம் சிறியதல்ல: 2024இல் 10,360 விண்ணப்பங்கள் வந்தன, 2025இல் அது 17,058 ஆனது.

ஆகஸ்ட் மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழைப்பு ஏப்ரல், மே வாக்கில் திறக்கும், செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் மூடும். நாம் ஜூலையில் எழுத ஆரம்பித்து ஆகஸ்டில் மெருகேற்றலாம் என்று கணக்குப் போடுவோம். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் ஆகஸ்டில் பாதி அலுவலகம் விடுமுறை. நிதி விண்ணப்பங்களைப் பார்க்கும் பிரிவில் போன் எடுக்க ஆள் இருக்காது. பிக் எண், நிறுவனம் நிரப்ப வேண்டிய பக்கங்கள், தொழில் நிறுவனப் பயிற்சிக் காலம் கேட்பதாக இருந்தால் அந்த நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம், இவையெல்லாம் ஜூலை 15க்குள் கையில் இருக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் தங்கள் உள் கெடுவை ஆகஸ்ட் கடைசியிலேயே வைத்துவிடும். அதையும் முதல் மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

தகுதி விதிகளில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது 12 மாத விதி. கெடு தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போகப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை, படிப்பு என்று இருந்திருக்கவோ கூடாது. 2025 கெடு செப்டம்பர் 10. அப்படியென்றால் 2022 செப்டம்பர் 10 முதல் எண்ண வேண்டும். பிஎச்டியின்போது ஆறு மாதம் அதே நாட்டு லேபில் இருந்துவிட்டு, பிறகு எட்டு மாதம் வேறு உதவித்தொகையில் போனவர் 14 மாதம் ஆகிவிட்டது என்பதையே மறந்துவிடுவார். சுற்றுலாவாகப் போய்வந்த குறுகிய நாட்கள் கணக்கில் வராது. ஞாபகத்தை நம்பாமல் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை வைத்து நாள் எண்ணுங்கள்.

அந்த 36 மாதங்களும் எந்த நாட்டில் கழிந்தன என்று படிவத்தில் இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டும். ஒரு வேலை மே 31இல் முடிந்து அடுத்தது ஜூன் 4இல் தொடங்கியிருந்தால், நடுவில் உள்ள மூன்று நாட்களுக்கும் 'இந்தியா' என்று ஒரு வரி போடுங்கள். கடைசி வரி கெடு தேதியில் போய் முடிய வேண்டும், நீங்கள் நிரப்பும் தேதியில் அல்ல.

அடுத்தது பிஎச்டி தேதி. நம் ஊரில் ஒரே பட்டத்துக்கு மூன்று தேதி இருக்கும்: வைவா (வாய்மொழித் தேர்வு) நடந்த நாள், ப்ரொவிஷனல் சான்றிதழில் உள்ள நாள், பட்டமளிப்பு விழா நாள். கெடுவுக்குள் வைவா வெற்றிகரமாக முடிந்திருந்தால் போதும், பட்டம் கைக்கு வந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வைவா தேதியைச் சொல்லும் கடிதம் ஒன்று பல்கலைக்கழகத்திலிருந்து வேண்டும், அதுதான் கிடைக்காது. 'கான்வகேஷன் முடிந்து வாங்க' என்றுதான் பதில் வரும். இரண்டு முறை அலைந்து திரும்பிய பிறகு வழி தெரிந்தது. பொதுவாக 'ஒரு சான்று வேண்டும்' என்று கேட்காமல், என்ன வாசகம் வேண்டுமோ அதை நாமே டைப் செய்து, வைவா அறிக்கையின் நகலை இணைத்து, கைடின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். அன்று மாலையே முத்திரை விழுந்தது. எந்தத் தேதியை எடுத்தாலும் படிவம், சிவி எல்லாவற்றிலும் அதே தேதிதான் இருக்க வேண்டும்.

பட்டம் பெற்ற பிறகான ஆராய்ச்சி அனுபவம் எட்டு வருடத்தைத் தாண்டக் கூடாது. ஆராய்ச்சிக்கு வெளியே செய்த வேலையும், மகப்பேறு போன்ற இடைவெளிகளும் இதில் சேராது. ஆகவே பிஎச்டி முடித்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது என்று யாரும் தானாகவே ஒதுங்க வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். கழிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் தாளில் ஆதாரம் இருக்கட்டும்.

பெயர் விஷயம் நமக்கே உரிய தலைவலி. பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, கட்டுரைகளில் இன்னொரு விதம். சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. போர்ட்டல் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே போடுங்கள். மற்ற வடிவங்கள் எல்லாவற்றையும், ஆய்வாளர்களுக்கான அடையாள எண் தரும் ஆர்க்கிட் (ORCID) தளத்தில் உங்கள் பக்கத்தில் 'பிற பெயர்கள்' பகுதியில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் உங்கள் கட்டுரைகளைத் தேடும்போது வேறு யாருடைய பட்டியலோ வந்து நிற்கும்.

எழுதுவதைப் பற்றி ஏராளமான வழிகாட்டிகள் இருக்கின்றன. மேரி கியூரி திட்டங்களுக்கான தேசியத் தொடர்பாளர்களின் கூட்டமைப்பான எம்எஸ்சிஏ-நெட் வருடாவருடம் வெளியிடும் கையேட்டை வரிவரியாகப் படித்தால் போதும். மதிப்பெண்ணில் ஆய்வின் சிறப்புக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்படுத்தலுக்கு 20. நம்மவர்கள் பக்கங்களை எல்லாம் முதல் பகுதியில் கொட்டிவிட்டு, கடைசிப் பகுதியை ஒரே பக்கத்தில் முடிப்பார்கள். அங்கேதான் மதிப்பெண் போகிறது.

முதன்மைப் பகுதிக்கு 10 பக்கம். பதினோராவது பக்கத்தில் மூன்று வரி விழுந்தாலும் அது மதிப்பீட்டாளர் கண்ணுக்கே வராது. ஏ4 தாள், நாலாபுறமும் குறைந்தது 15 மில்லிமீட்டர் ஓரம், டைம்ஸ் நியூ ரோமன், 11 புள்ளிக்குக் குறையாத எழுத்து. லிப்ரே ஆஃபீஸில் எழுதி சூப்பர்வைசரின் வேர்டில் திறந்தால் வரி நகர்ந்து பக்கம் கூடும். பிடிஎஃப் ஆக்குவது ஒரே கணினியில், ஒரே ஆள். ஏற்றியதும் போர்ட்டலிலிருந்து திரும்ப இறக்கி, பத்தாம் பக்கத்தின் கடைசி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் தவறவிடும் இரண்டு வாய்ப்புகள். ஃபெலோஷிப் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வேறு நிறுவனத்தில் செகண்ட்மென்ட் (தற்காலிகப் பணி) போகலாம், அது எந்த நாடாகவும் இருக்கலாம். இந்தியாவில் உள்ள உங்கள் பழைய லேபையே கூட்டாளியாகச் சேர்க்க இது நல்ல வழி. போகும் இடம் போர்ச்சுகல், கிரீஸ், செக் போன்ற 'வைடனிங்' நாடாக (ஐரோப்பிய ஆராய்ச்சி நிதியில் பின்தங்கிய நாடாக) இருந்தால், அந்த நாடுகளுக்கென்றே உள்ள ஈஆர்ஏ ஃபெலோஷிப்புக்கும் சேர்த்துப் பரிசீலிக்கச் சொல்லி ஒரு டிக் போடும் கட்டம் உண்டு. சமர்ப்பிக்கும்போதே போட வேண்டும், பிறகு கேட்டால் முடியாது.

மதிப்பெண் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அடுத்த வருடம் அதே நிறுவனத்தோடு போட முடியாது. ஆகவே அவசரமாக எழுதி 'சும்மா போட்டுப் பார்ப்போம்' என்பது நல்ல சூப்பர்வைசரை ஒரு வருடம் இழப்பதில் போய் முடியும். 85 அல்லது அதற்கு மேல் வாங்கியும் நிதி கிடைக்காதவர்களுக்குச் சீல் ஆஃப் எக்ஸலன்ஸ் என்ற தரச் சான்று வரும். அதை வைத்துப் பணம் கொடுக்கும் தேசியத் திட்டங்கள் சில நாடுகளில் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

கிடைத்த பிறகு சம்பளத்தில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. 2023–24 திட்டத்தில் வாழ்க்கைப்படி மாதம் 5,080 யூரோ என்று போட்டிருந்தது. அதை அந்த நாட்டின் விலைவாசிக்கேற்ற குணகத்தால் பெருக்கி, முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்கையும் அதிலிருந்தே கழித்து, பிறகு வருவதுதான் உங்கள் மொத்தச் சம்பளம். வரி அதற்கும் பிறகு. வீடு பார்ப்பதற்கு முன் நிறுவனத்திடம் கைக்கு வரும் தொகையை எழுத்தில் கேளுங்கள்.

பிரான்ஸ் போகிறவர்களுக்கு: லேப் 'இசட்ஆர்ஆர்' எனப்படும் கட்டுப்பாட்டு வளையத்தில் இருந்தால், பாதுகாப்பு அனுமதிக்கு இரண்டு மாதம் வரை ஆகலாம். அது வந்த பிறகுதான் விசாவுக்காக நிறுவனம் தரும் வரவேற்பு ஒப்பந்தம், அதற்கும் பிறகுதான் விசா. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துப் பணம் இழக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழையும் ஊரிலிருந்தே சரி செய்து கொண்டு போங்கள். பழைய சான்றிதழ்களில் பலருக்குப் பெயர்க் கட்டம் காலியாக, 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும்தான் இருக்கும். அங்கே நிரந்தர மருத்துவக் காப்பீட்டு எண்ணுக்கு அந்தத் தாள்தான் அடிப்படை. நகராட்சியில் பெயர் சேர்த்து, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அரசுச் சான்று) வாங்கி, இரண்டு அசல் பிரதிகளாக வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பை அங்கே போய், நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் செய்துகொள்ளலாம்.