ரெஃபரன்ஸ் ஃபோல்டர்

ஹாலிவுட் படங்களுக்கு விஎஃப்எக்ஸ் செய்து தரும் சென்னை நிறுவனம் ஒன்றில் கம்பாசிட்டராக, அதாவது தனித்தனியாக வரும் படக்கூறுகளை ஒரே காட்சியாக இணைப்பவனாக, வேலை பார்க்கிறேன். எந்தப் படம் என்று வெளியே சொல்ல ஒப்பந்தம் இடம் கொடுக்காது. எங்களுக்கே சங்கேதப் பெயரில்தான் வரும். ஆனால் ரீமேக் என்றால் முதல் நாளே தெரிந்துவிடும். ஷாட்டுகளோடு பழைய படத்தின் துண்டுகளும் ‘ரெஃபரன்ஸ்’ என்ற ஃபோல்டரில் வந்து இறங்கும். அந்த ஃபோல்டரைக் கண்டாலே இப்போது எரிச்சல் வருகிறது.

வினாடிக்கு 24 ஃப்ரேம். நடிகரின் தலைமுடி ஓரத்தை ஒவ்வொன்றிலும் வெட்டியெடுப்பதும், தொங்கவிட்ட கம்பியை அழிப்பதும் எந்தப் படத்துக்கும் ஒரே பாடுதான். வித்தியாசம் திருத்தக் குறிப்புகளில் இருக்கிறது. புதுக் கதையில், பனிமூட்டத்துக்குள் நிற்கும் மிருகத்தின் கண் எவ்வளவு மின்ன வேண்டும் என்று அங்கே இருக்கும் சூப்பர்வைசருக்கே தெரியாது. மாற்றி மாற்றிக் கேட்பார். நாங்களும் திட்டிக்கொண்டே செய்வோம். ஒரு நள்ளிரவில் யாரோ விளையாட்டாகச் செய்து பார்த்தது அங்கே பிடித்துப்போய், அதுவே படத்தில் நின்றுவிடும். ரீமேக்கில் வரும் குறிப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: பழையதைப் போலவே, ஆனால் இன்னும் பெரிதாக.

2019இல் வந்த ‘தி லயன் கிங்’ படத்தைத் தொழில்காரனாகப் பார்த்தபோது அந்தப் பிடரி மயிரின் நேர்த்தியில் வாயடைத்துப்போனேன். ரசிகனாகப் பார்த்தால், 1994இல் கையால் வரைந்த சிங்கத்துக்கு இருந்த முகபாவம் இந்த நிஜச் சிங்கத்துக்கு இல்லை. நிஜச் சிங்கம் புருவத்தை உயர்த்தாது அல்லவா? 1,490 ஷாட்டுகள் கணினியில் உருவானவை, ஒன்றே ஒன்றுதான் ஆப்பிரிக்காவில் நேரடியாகப் படமெடுத்தது என்று இயக்குநர் ஜான் ஃபேவ்ரோ பின்னர் வெளியிட்டார். அது தொடக்கத்தில் வரும் சூரிய உதயம். அந்த ஒன்றுகூடப் பழைய படத்தின் தொடக்கத்தைத்தான் ஒத்திருக்கிறது! வசூலோ 160 கோடி டாலருக்கும் மேல்.

ரீமேக்கே கூடாது என்பவன் அல்ல நான். ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலை வார்னர் பிரதர்ஸ் 1931இல் ஒரு முறையும், 1936இல் பெயர்களை மாற்றி இன்னொரு முறையும் எடுத்தது. 1941இல் ஜான் ஹூஸ்டன் தன் முதல் படமாக மூன்றாவது முறை எடுத்ததுதான் நிலைத்தது. 1951இல் வந்த படத்தின் மூலக்கதைக்கே திரும்பிப் போய் ஜான் கார்பென்டர் 1982இல் எடுத்த ‘தி திங்’ படத்தில், ஒப்பனை எஃபெக்ட்ஸ் கலைஞர் ராப் பாட்டின் (Rob Bottin) ரப்பரையும் பிசினையும் வைத்துச் செய்த வேலையை எங்கள் துறையில் இன்றும் வியந்து பேசுகிறோம். சரியாக வராததை, அல்லது வேறு மாதிரி வரக்கூடியதை எடுங்கள் என்கிறேன்.

இதை எங்கள் தயாரிப்பு மேலாளரிடம் டீ குடிக்கும்போது சொன்னேன். “ஓடாத படத்தின் பெயர் யாருக்குத் தெரியும் சார்?” என்று சிரித்தார். ஸ்டூடியோ காசு போடுவது கதைக்கு அல்ல, அந்தப் பெயருக்கு. 2010இல் வந்த ‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்’ படத்தின் இரு இயக்குநர்களில் ஒருவரான டீன் டெப்ளாவே 2025இல் அதை நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தார். முதல் படத்தைக் குழந்தையாகப் பார்த்தவர்களில் பலருக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகியிருக்காது.

இந்த ரீமேக்குகள்தான் எங்கள் அலுவலகத்தில் பல நாற்காலிகளைக் காலியாகாமல் வைத்திருக்கின்றன, என் வீட்டுக் கடன் தவணை உட்பட எல்லாம் அதில் ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். சம்பளத்தை வாங்கிக்கொண்டே சலித்துக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இப்போது வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணலிலும் என்னை உட்கார வைக்கிறார்கள். வருகிறவர்கள் தங்கள் வேலைகளைத் தொகுத்துக் கொண்டுவரும் வீடியோவான ஷோரீலை இடையில் நிறுத்தி, “இந்த ஷாட்டில் நீங்களாக முடிவு செய்தது எது?” என்று கேட்பேன். பெரிய ரீமேக்குகளில் வேலை செய்தவர்கள் மென்பொருளின் பெயரைச் சொல்கிறார்கள். போன முறை ஒரு பெண், ஏதோ குறும்படத்துக்குச் செய்த புகையைக் காட்டி, அது ஏன் இடதுபக்கம் சாய்கிறது என்று விடாமல் விளக்கினார். புகை சுமார்தான். அவரைத்தான் எடுத்தோம்.