கொடுமுடிக் கரையில் மூன்று நாள்

கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கடல் கிடையாது. கரை என்று நாங்கள் சொன்னால் அது காவிரிக்கரைதான். எனக்கு அது கொடுமுடி. அம்முச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, வீடு அங்கேதான். பரீட்சை லீவு முழுக்க அங்கேயே கிடந்து வளர்ந்தவன், வெகுநாள் கழித்து இந்தப் பங்குனியில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தேன்.

ஈரோட்டிலிருந்து கரூர் ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கொடுமுடி. தெற்கே வரும் காவிரி இங்கே கிழக்கே திரும்புகிறாள். மேட்டூர் அணையில் வழக்கமாக ஜனவரி 28-ல் பாசனத் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். அதனால் ஆடிப்பெருக்கில் பார்த்த ஆறா இது என்று இருந்தது. பாறைகளுக்கு நடுவே ஒல்லியாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அம்முச்சி, ஆத்துல தண்ணியே காணோம்?"

"காவடிக்கு ஒரு சொம்பு போதுங் கண்ணு."

பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு ஊர்களிலிருந்து இங்கே வந்து காவிரித் தீர்த்தம் எடுத்து, காவடி கட்டிப் பழனிக்கு நடப்பார்கள். வெயில் காலத்தில் மலைமேல் நிற்கும் முருகனைக் குளிர்விக்க எங்கள் ஆட்கள் செய்யும் உபசாரம். விடியற்காலை நாலு மணிக்கே உறுமியும் 'அரோகரா'வும் எழுப்பிவிட்டன. தூங்கவா வந்தோம், சரி என்று எழுந்து போனேன்.

கோயிலுக்குள் மகுடேசுவரர், வடிவுடைநாயகி, வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் மூன்று முகப் பிரம்மா என எல்லோரும் ஒரே இடத்தில். அம்முச்சி சிவனிடம் நின்ற அளவுக்குப் பெருமாளிடமும் நின்றாள். எனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

சொல்லியாக வேண்டும், அம்முச்சிக்கு இப்போது ஞாபகம் போய்விட்டது. என்னை அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடியும் இட்லி கேட்கிறாள். சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடியது இந்தக் கோயிலில்தான். 'நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே' என்பதைச் சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்பும்முன், தீர்த்தம் கொண்டுபோகலாம் என்று படித்துறையில் இறங்கித் தண்ணீர் பாட்டிலில் பிடித்தேன். அம்முச்சிக்கு வந்ததே கோபம்! "கடைத்தண்ணி மாதிரி புடிச்சுட்டு வந்து நிக்கிறான் பாரு!" பாட்டிலை வாங்கிக் கவிழ்த்துவிட்டு, வீட்டிலிருந்து பித்தளைச் சொம்பை எடுத்துவரச் சொன்னாள். அவளே மொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கோயிலில் வாங்கி வைத்திருந்த வன்னி இலைக் கொத்தை எடுத்தாள். புளிய இலையைவிடப் பொடியான இலைகள். இரண்டு முறை ஆற்றில் அலசிச் சொம்பில் போட்டாள். வன்னி போட்டால் தண்ணீர் கெடாது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. மஞ்சள் துணியால் வாய் கட்டி முடிச்சுப் போடும்போது அந்தக் கை நடுங்கவே இல்லை. உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

முடித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, நீ யாரு ஊட்டுப் பையன்?"

சொன்னேன். "அப்படியா சாமி" என்று சொம்பை என் கையில் கொடுத்தாள். ரயிலில் திருப்பூர் வரைக்கும் அதை மடியில்தான் வைத்திருந்தேன்.