கட்சி மேலிடத்தின் பதற்றம்

2016 அமெரிக்கக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் போட்டியை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். புளோரிடாவின் முன்னாள் ஆளுநர் ஜெப் புஷ்ஷுக்கு ஆதரவான குழு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. கட்சியின் பெரிய புள்ளிகள் பலர் அவர் பக்கம். ஆனாலும் தென் கரோலினா மாநில உட்கட்சித் தேர்தலோடு ஆட்டம் முடிந்து விலகிவிட்டார். அங்கே டிரம்ப் பெற்றது சுமார் 32 சதவீத வாக்குதான், ஆனால் கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அந்த மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் அவருக்கே. எதிர் வாக்கு ஐந்து பேரிடம் சிதறியது. விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை. மார்ச்சில், 2012-ல் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற மிட் ராம்னி மேடையேறி டிரம்ப் வேண்டாம் என்று எச்சரித்தபோது காலம் கடந்திருந்தது.

எனக்கு டிரம்ப்பைப் பிடிக்காது. ஆனாலும் மேலிடம் மூடிய அறையில் ஆளை முடிவு செய்வதை ஏற்கவே மாட்டேன். தொண்டர்கள் ஏன் கோபமாக இருக்கிறார்கள் என்று முதலில் கேட்கட்டும். ஜனநாயகக் கட்சி 2018-ல் சூப்பர் டெலிகேட்டுகளின் (மாநாட்டில் விருப்பப்படி யாருக்கும் வாக்களிக்கக்கூடிய கட்சிப் பெரும்புள்ளிகள்) முதல் சுற்று வாக்கு அதிகாரத்தைக் குறைத்ததே, அது சரியான முடிவு.