பேரண்ட் பிளஸ் லோன்: கையெழுத்து நம்ம பேர்ல மட்டும்தான்

பொண்ணுக்கு காலேஜ்லேர்ந்து உதவித்தொகை லெட்டர் வந்த அன்னிக்கு நாங்க மூணு பேரும் கிச்சன் டேபிள்ல உக்காந்து அத மூணு தடவ படிச்சோம். 2024 மே மாசம். அந்த வருஷம் ஃபாஃப்சா ஃபார்ம், அதாவது இங்க அமெரிக்காவுல காலேஜ் உதவித்தொகைக்கு கவர்மெண்டுக்கு போடற விண்ணப்பம், வழக்கமா அக்டோபர்ல திறக்கறது, டிசம்பர் கடைசியில தான் திறந்துச்சு, அதனால எல்லா லெட்டரும் லேட்டு, பசங்க எல்லாரும் எந்த காலேஜ்னு முடிவு பண்ண முடியாம தவிச்சுட்டு இருந்தாங்க. எங்க லெட்டர்ல இருந்தது இதுதான்: ஒரு வருஷச் செலவு 36,000 டாலர், மெரிட் ஸ்காலர்ஷிப் 5,000, பொண்ணு பேர்ல கவர்மெண்ட் லோன் 5,500, அப்புறம் பேரண்ட் பிளஸ் 25,500. கடைசி வரியில, நீங்க கட்ட வேண்டியது 0.

ஜீரோ. அத பாத்ததும் பொண்ணு எழுந்து என்ன கட்டிப்பிடிச்சா. எனக்கும் ஒரு நிமிஷம் கண்ணு கலங்கிடுச்சு, நாம வந்த நாடு நம்ம பிள்ளைய கைவிடலன்னு தோணுச்சு. இவர் தான் மறுபடி கண்ணாடிய போட்டுக்கிட்டு "பேரண்ட்னா நாமதானே, அப்போ இது உதவி இல்லயே, கடனாச்சே"ன்னார்.

நாங்க 2009-ல நியூ ஜெர்ஸி வந்தோம், இவர் ஹெச்1பி வேலை விசா, நான் அவரோட மனைவியா ஹெச்4 விசா, பொண்ணுக்கு அப்ப மூணு வயசு. க்ரீன் கார்டு கைக்கு வந்தது 2021-ல. அந்த பன்னெண்டு வருஷமும் காலேஜ் லோன பத்தி நாங்க யோசிக்கவே இல்ல, ஏன்னா ஹெச்1பி, ஹெச்4 விசாவுல இருக்கறவங்களுக்கு ஃபெடரல் லோன், அதாவது அமெரிக்க கவர்மெண்ட் லோன், கெடையாது. ஊர்ல அக்கா போன மாசம் கூட கேட்டா, "அங்க கவர்மெண்டே மாஸ்டர்ஸ் படிக்க லோன் குடுக்குதாமே, என் பொண்ணுக்கு வாங்கித் தாயேன்"னு. அக்கா பொண்ணு எஃப்1 ஸ்டூடண்ட் விசாவுல வரப்போறவ, அவளுக்கு இந்த கவர்மெண்ட் லோன் எதுவும் கிடைக்காது, ஊர்ல பேங்க்ல எடுக்கணும், இல்லன்னா இங்க பிரைவேட்டா எடுக்கணும். க்ரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ இருக்கணும், பேரண்ட் பிளஸ்-க்கு பிள்ளைக்கும் இருக்கணும், கையெழுத்து போடற அப்பா அம்மாவுக்கும் இருக்கணும். அக்காகிட்ட இத சொல்லி புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, அவளுக்கு கொஞ்சம் வருத்தம் தான்.

சரி விஷயத்துக்கு வரேன். இந்த பேரண்ட் பிளஸ் 1980-லேர்ந்து இருக்கு. பிள்ளை பேர்ல குடுக்கற கவர்மெண்ட் லோனுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, மொத வருஷம் 5,500, ரெண்டாவது 6,500, அதுக்கப்புறம் 7,500, எல்லாம் சேத்து 31,000-க்கு மேல போக முடியாது. செலவுல மிச்சம் நிக்கறத அப்பா அம்மா பேர்ல எடுக்கலாம்னு வச்சதுதான் பிளஸ். அப்ப, 2024-ல, அந்த மிச்சம் எவ்வளவா இருந்தாலும் அவ்வளவும் எடுக்க முடிஞ்சுது. எங்க லெட்டர்ல வந்த ஜீரோ அப்படி வந்ததுதான், மொத்த செலவுலேர்ந்து மத்தத எல்லாம் கழிச்சு, மீதிய அப்படியே எங்க தலையில எழுதியிருந்தாங்க.

அப்ளை பண்றது ரொம்ப சுலபம், எனக்கு பயம் வந்ததே அங்கதான். இவர் லேப்டாப்ல உக்காந்தார், நான் அடுப்புல சாம்பார் வச்சிருந்தேன், அது கொதிக்கறதுக்குள்ள அப்ரூவ்டுன்னு வந்துடுச்சு. சம்பளம் எவ்வளவு, வீட்டு லோன் எவ்வளவு, இன்னும் எத்தன வருஷம் வேலையில இருப்பீங்க, எதையும் வச்சு அவங்க தீர்மானிக்கல. கிரெடிட் ஸ்கோர் கூட கணக்குல இல்ல. பாக்கறது, முன்னாடி கெட்ட ரெக்கார்டு இருக்கான்னு மட்டும் தான்: 2,085 டாலருக்கு மேல கடன் 90 நாள் தாண்டி கட்டாம நிக்குதா, கடைசி அஞ்சு வருஷத்துல திவால் ஆனீங்களா, வீடு ஜப்தி ஆச்சா, அந்த மாதிரி. அது இல்லன்னா அப்ரூவல். அப்படி ஏதாவது இருந்து மறுத்துட்டாங்கன்னா பிள்ளை பேர்ல கூடுதலா மொத ரெண்டு வருஷம் 4,000 வரைக்கும் தருவாங்க.

எனக்கு அப்ப எங்கப்பா ஞாபகம் தான் வந்துச்சு. 2002-ல தம்பிக்கு இன்ஜினியரிங் சீட் கெடச்சு, தஞ்சாவூர்ல ஒரு பேங்குக்கு அப்பா கூட நானும் போனேன். நாலு லட்சத்துக்குள்ள ஜாமீன் வேண்டாம்னு ரூல் வந்திருந்துச்சு, ஆனா அந்த மேனேஜர் சம்பள சர்ட்டிஃபிகேட், பாஸ்புக், நிலத்துப் பட்டா எல்லாம் கேட்டு ஆறு தடவ அலைய விட்டார். ஒரு நாள் அப்பாவ நிக்க வச்சே "சார், நீங்க ரிட்டயர் ஆக இன்னும் ஏழு வருஷம் தான், எப்படி அடைப்பீங்க?"ன்னு கேட்டார். அப்பா வாத்தியார், யார் முன்னாலயும் குரல் தாழ்ந்து பேசாதவர், அன்னிக்கு வெளிய வந்து சைக்கிள் ஸ்டாண்ட்ல ரொம்ப நேரம் பேசாம நின்னார். அந்த அவமானத்த நான் மறக்கல. ஆனா அந்த கேள்வி இருக்கே, எப்படி அடைப்பீங்கன்றது, அத இங்க எங்கள ஒருத்தரும் கேக்கல. அதனால நாங்களே எங்கள கேட்டுக்க வேண்டியிருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி பழைய காலண்டர் தாளோட பின்பக்கத்துல கணக்கு போட்டோம். 2024-25-க்கு பிளஸ் வட்டி 9.08 சதவீதம், அதே வருஷம் பொண்ணு பேர்ல இருக்கற லோனுக்கு 6.53 தான். ஒவ்வொரு வருஷமும் மே மாசம் கவர்மெண்ட் பத்து வருஷ பாண்ட் ஏலத்த வச்சு வட்டி நிர்ணயிப்பாங்க, எடுத்த லோனுக்கு அந்த வட்டி கடைசி வரைக்கும் மாறாது. இது போக 4.228 சதவீதம் ஃபீஸ், அத லோன்லேர்ந்தே புடிச்சுப்பாங்க. 25,500 எடுத்தா 1,078 டாலர் ஃபீஸா போயிடும், ஆனா வட்டி முழு 25,500-க்கும் ஓடும், ஒரு நாளைக்கு ஆறு டாலருக்கு மேல. பொண்ணு படிக்கற வரைக்கும் தவணைய தள்ளிப் போடலாம், முடிச்சு ஆறு மாசம் வரைக்கும் கூட டைம் உண்டு, ஆனா வட்டி தள்ளிப் போகாது. நாலு வருஷமும் இப்படியே எடுத்தா 1,02,000 டாலர், இதே வட்டின்னு வச்சுக்கிட்டா பத்து வருஷத் தவணை மாசம் கிட்டத்தட்ட 1,300 டாலர், அதுவும் படிக்கற காலத்து வட்டிய சேக்காம. இவருக்கு அப்ப அம்பது வயசு. முடிக்கும்போது அறுபத்தி நாலு தாண்டிடும்.

நம்ம ஆளுங்க நெறைய பேர் இங்க தப்பா நினைக்கற ஒரு விஷயம் இருக்கு, நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஊர்ல எஜுகேஷன் லோன்னா பிள்ளை தான் வாங்கறவன், அப்பா அம்மா கூட கையெழுத்து போடுவாங்க, வேலை கெடச்சதும் பிள்ளை கட்டுவான். இங்க பேரண்ட் பிளஸ் முழுக்க முழுக்க கையெழுத்து போட்டவர் கடன். இந்த கவர்மெண்ட் லோன பிள்ளை பேருக்கு மாத்தறதுக்கு கவர்மெண்ட்ல வழி இல்ல. வேலைக்கு போனதும் பொண்ணு மாசாமாசம் பணம் அனுப்பலாம், அது அவ மனசு, ஆனா சட்டப்படி கடன்காரர் இவர் தான். ஒண்ணே ஒண்ணு, கையெழுத்து போட்டவர் இறந்துட்டாலோ, கடவுளே அப்படி நடக்கக் கூடாது, பிள்ளை உயிருக்கு ஏதாவது ஆனாலோ கடன் ரத்து. அதப் படிச்சப்போ ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல.

மறுநாள் பொண்ண உக்கார வச்சு காலண்டர் தாள அப்படியே காமிச்சோம். அவளுக்கு ஹாஸ்டல்ல தங்கி படிக்கணும்னு ஒன்பதாவதுலேர்ந்து ஆசை. அழுதா. அப்புறம் ராத்திரி அவளே வந்து "மொத வருஷம் மட்டும் ஹாஸ்டல்மா, ரெண்டாவது வருஷத்துலேர்ந்து வீட்டுலேர்ந்து போறேன்"னா. பதினெட்டு வயசுல அவ அத சொன்னது எனக்கு பெருமையாவும் இருந்துச்சு, நெஞ்சு கனமாவும் இருந்துச்சு. 25,500-க்கு பதிலா 10,000 மட்டும் எடுத்தோம், சேமிப்புலேர்ந்து 9,000, மீதி 6,500-ஐ காலேஜ்லயே மாசத் தவணையா பத்து மாசம் கட்டினோம், அதுக்கு வட்டி கெடையாது. அப்ரூவ் ஆன தொகை முழுசும் எடுத்தே ஆகணும்னு இல்லன்றது அந்த லெட்டர்ல எங்கயுமே எழுதல, போன் பண்ணி கேட்டப்புறம் தான் தெரிஞ்சுது. பத்தாயிரத்துல காலேஜுக்குப் போய்ச் சேந்தது 9,577 டாலர் தான், அந்த ஃபீஸ் கழிஞ்சு. பில்லுல 423 டாலர் பாக்கின்னு வந்தப்போ தான் இவர் தலையில அடிச்சுக்கிட்டார், அதயும் சேத்து கணக்கு போட்டிருக்கணும். வட்டிய மட்டும் மாசம் 75 டாலர் போல இப்பவே கட்டிட்டு வரோம், சேரவிடல.

எங்க தெருவுல ஒரு தோழி, மதுரைக்காரங்க, ஹெச்4-ல பத்து வருஷம் வீட்டுல இருந்துட்டு க்ரீன் கார்டு வந்தப்புறம் 2025-ல மாஸ்டர்ஸ் சேந்தாங்க. அவங்களுக்கு க்ராட் பிளஸ், அது 2006-ல வந்தது, மேல்படிப்பு படிக்கறவங்க அவங்க பேர்லயே செலவு முழுசும் எடுக்கலாம்னு இருந்துச்சு. 2025 ஜூலை 4-ல கையெழுத்தான சட்டத்துல அத நிறுத்திட்டாங்க, 2026 ஜூலை 1-லேர்ந்து புதுசா எடுக்க முடியாது. ஏற்கனவே எடுத்து அதே படிப்புல இருக்கறவங்களுக்கு படிப்பு முடியற வரைக்கும், அதிகபட்சம் மூணு வருஷம், விட்டிருக்காங்க. இனிமே மேல்படிப்புக்கு சாதாரண லோன் வருஷம் 20,500, மொத்தம் ஒரு லட்சம், மருத்துவம் சட்டம் மாதிரி படிப்புக்கு வருஷம் 50,000, மொத்தம் ரெண்டு லட்சம். பேரண்ட் பிளஸ்-க்கும் ஒரு பிள்ளைக்கு வருஷம் 20,000, மொத்தம் 65,000-ன்னு வரம்பு வந்துடுச்சு. இதுல இன்னொண்ணையும் கவனிக்கணும், அந்த தேதிக்கப்புறம் புதுசா எடுக்கற பேரண்ட் பிளஸ்-க்கு வருமானத்த பாத்து தவணைய குறைக்கற திட்டம் கெடையாது. வரம்பு வந்தது எனக்கு நல்லதாத்தான் படுது, ஆனா மீதிக்கு பிரைவேட் லோன் பக்கம் போறவங்கள நினைச்சா கவலையா இருக்கு, அங்க ரூல் எல்லாம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொண்ணு.

போன வாரம் இன்னொரு குடும்பம், புதுசா க்ரீன் கார்டு வந்தவங்க, பையனோட லெட்டர எடுத்துட்டு சந்தோஷமா வந்தாங்க. "அக்கா, ஒண்ணும் கட்ட வேண்டாமாம்"னு அந்தம்மா சொன்னப்போ எனக்கு எங்க டேபிள் தான் கண்ணுல வந்துச்சு. காபி போட்டு குடுத்துட்டு, லெட்டர விரிச்சு, அவங்க கையிலயே பேனாவ குடுத்து பேரண்ட் பிளஸ்னு இருந்த வரிய அடிக்கச் சொன்னேன். கூட்டிப் பாத்து கடைசியில ஜீரோ இருந்த இடத்துல 19,400-ன்னு அவங்களே எழுதினாங்க. பையன் எட்டிப் பாத்தான். அந்தம்மா பேனாவ மூடாம கொஞ்ச நேரம் அந்த நம்பரையே பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் "இதுல எங்களால எவ்வளவு முடியும்னு இப்ப பாக்கலாமா அக்கா"ன்னாங்க. நான் போய் காலண்டர் தாள் ஒண்ணு கிழிச்சுட்டு வந்தேன்.