எத்தனை விநாடியில் அணைகிறது?

மேசைக் கணினி போட்டவுடன் அணைந்து போகிறதென்றால், எதையும் கழற்றுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை விநாடி தாங்குகிறது, எந்தக் கட்டத்தில் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் கணினி படுத்துவிட்டபோது ஆளாளுக்கு ஒரு சாமானை மாற்றச் சொன்னார்கள். இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒரு கடையில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். மதர்போர்டு என்பது எல்லாச் சாமானும் மாட்டியிருக்கும் பெரிய பலகை. கடைசியில் அதில் ஒரு குறையும் இல்லை.

டவுனில் ஒரு கடைவீட்டின் கீழே சின்ன அறை எடுத்து, பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டியவர்களும் செம்பனைக் குலை அறுத்தவர்களும்தான் பெரும்பாலும் வருவார்கள். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், ஐசி (அடையாள அட்டை) விவகாரம் என்று எல்லாவற்றின் நகலும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. சிலரிடம் அசல் கிழிந்து, எழுத்து மங்கி, நான் எடுத்து வைத்த நகல்தான் படிக்கிற மாதிரி இருக்கும். அது போய்விட்டால் இன்னொன்று எங்கே தேடுவது?

எங்கள் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும் வழக்கம். அப்படி ஒரு சாயங்காலம் பலமாக இடி இடித்தது. மறுநாள் காலையில் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரையில் எழுத்து வந்தது. அப்புறம் 'டக்'கென்று ஒரு சத்தம், எல்லாம் அணைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடியும் எரிந்தது, மறுபடியும் அணைந்தது.

முதலில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினேன். கோளாறு என்னவென்று தெரியாமல் திரும்பத் திரும்பப் போட்டு அணைத்தால் டிஸ்க்குக்கு ஆபத்து. அண்ணன் மகன் ஈப்போவில் உங்கு ஒமார் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனுடைய மடிக்கணினியில் யூஎஸ்பி அடாப்டர் வழியாக மாட்டி, எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டுத்தான் டிஸ்க்கைத் திரும்ப மாட்டினோம். பென்ஷன் விஷயமாக வந்து காத்திருந்த ஒரு அம்மா, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்துப் பதறிப்போய், "ஏன் தம்பி, என் கடுதாசியெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். "இருக்குங்கம்மா, எல்லாம் வெளியே எடுத்து வச்சாச்சு" என்று சொல்ல முடிந்தது. அதற்கு அப்புறம்தான் எனக்கும் கை பதறாமல் வேலை ஓடியது.

அடுத்தது சுவர். கணினியைப் போட்டவுடன் மெயின் சுவிட்ச் ட்ரிப் ஆகி அறை முழுவதும் இருட்டானால் அது மின்கசிவாகவோ ஷார்ட்டாகவோ இருக்கலாம். வயர்மேனைக் கூப்பிட வேண்டியதுதான், நாம் கை வைக்கக் கூடாது. என் அறையில் அப்படி எதுவும் ஆகவில்லை. எக்ஸ்டென்ஷனைத் தூக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டினேன். அப்போதும் அதே கதைதான்.

இப்போது விநாடிக் கணக்குக்கு வருகிறேன். விசிறி அரைச் சுற்று சுற்றி உடனே நின்றால், எங்கோ ஷார்ட் ஆகிறது, பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. மதர்போர்டுக்கு அடியில் கழன்று கிடக்கும் ஒரு திருகாணி போதும் இதற்கு. ஒவ்வொரு தடவையும் மாறாமல் நாலைந்து விநாடியில் அணைந்தால், பட்டன் உள்ளேயே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டனைச் சுமார் 4 விநாடி அழுத்திப் பிடித்தால் கணினி கட்டாயமாக அணையும்படிதான் செய்திருக்கிறார்கள். அழுக்கு ஏறிச் சிக்கிக்கொண்ட பட்டனும் அதையேதான் செய்யும். நேரம் போகப்போக அணைந்தால், அதுவும் சூடாக இருக்கும்போது சீக்கிரமாகவும் ஆறவிட்டுப் போட்டால் தாமதமாகவும் அணைந்தால், சூட்டைச் சந்தேகப்பட வேண்டும். வேலை அதிகமாகும் நேரம் பார்த்து அணைந்தால் பவர் சப்ளை. இது ஜாதகம் மாதிரி அப்படியே பலித்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

என் கணினிக்கு நிலையான கணக்கு இல்லை. சில தடவை மூன்று விநாடியில் போனது. சில தடவை விண்டோஸ் சின்னம் வரைக்கும் வந்தது. பயோஸ் திரையில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் அமைப்புத் திரையில், நிறுத்தி வைத்தால் கூடுதலாகத் தாங்கியது. விண்டோஸ் ஏறத் தொடங்கினால் போச்சு.

இருந்தாலும் பட்டனைச் சோதிப்பது சுலபம் என்பதால் அதை முதலில் முடித்தேன். மதர்போர்டுக்கு வரும் பட்டன் வயரைப் பிடுங்கிவிட்டு, அது மாட்டியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் கணினி எரியும். எரிந்தது, அணைந்தது. அப்படியானால் பட்டன் இல்லை. இரண்டு ரேமில் (நினைவகச் சட்டம்) ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன், இடம் மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. "சித்தப்பா, ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. மொத்தமா கழட்டிட்டா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது" என்றான் பையன். அது சரியான பேச்சு. மாற்றியதையும் தாங்கிய நேரத்தையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டே வந்தேன்.

அடுத்து, பவர் சப்ளையை மட்டும் தனியாக எழுப்பும் சோதனை. சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டுக்குப் போகும் 24 ஊசி இணைப்பைக் கழற்றி, பச்சை வயருக்கும் பக்கத்திலுள்ள ஒரு கறுப்பு வயருக்கும் வளைத்த பேப்பர் கிளிப்பை மாட்ட வேண்டும். அதற்கு அப்புறம் பிளக்கைப் போட்டால் பவர் சப்ளை விசிறி சுற்றும். என்னுடையது நன்றாகவே சுற்றியது. பல பேர் இந்த இடத்தில் "பவர் சப்ளை நல்லா இருக்கு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தச் சோதனை காட்டுவது அது எழுந்திருக்கிறது என்பதை மட்டும்தான். பளு ஏற்றினால் தாங்குமா என்பதைக் காட்டாது.

அதற்கு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும். மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 இருக்க வேண்டும். 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதாவது 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, சும்மா தொங்கிக்கொண்டிருந்த நாலு ஊசி இணைப்பில் மஞ்சளிலும் கறுப்பிலும் மீட்டர் முனைகளை வைத்துக்கொண்டு, பையனைப் பட்டனை அழுத்தச் சொன்னேன். 11.8 காட்டியது. பயோஸ் திரையில் 11.6. விண்டோஸ் சின்னம் வந்ததும் எண்கள் இறங்கத் தொடங்கின: 11.4, 11.3, 11.1. அதோடு அணைந்துவிட்டது. சிவப்பு வயரில் 5 வோல்ட் ஆடாமல் நின்றது. இத்தனை பேர் சொன்ன அத்தனை யூகத்தையும் அந்தச் சின்னத் திரையில் இறங்கிய எண்கள் தீர்த்து வைத்தன.

பவர் சப்ளையின் கம்பி வலை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்ளே இரண்டு கெப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உருளைகள்) தலை உப்பி, ஒன்றின் மேல் பழுப்பாகக் காய்ந்த கசிவு தெரிந்தது. இடியால் ஆனதா, வயதானதால் ஆனதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பழைய பெட்டிதான், அன்றைய இடி கடைசி அடியாக இருந்திருக்கலாம். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: பவர் சப்ளையின் மூடியைத் திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரமாகப் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கக்கூடும். உயிர் போகிற விஷயம்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டினேன். விண்டோஸ் ஏறி நின்றது. ஈப்போவுக்குப் போய்ப் புதிதாக 450 வாட் ஒன்று வாங்கி வந்தேன். வேலை முடிந்தது என்று அதை மாட்டி, பாரம் நிரப்ப உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். மறுபடியும் அணைந்தது.

ஆனால் இந்தத் தடவை அணைந்த விதம் வேறு. தானாக எரியவில்லை. உடனே போட்டால் சில நிமிடத்தில் போனது. சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் அதிக நேரம் நின்றது. தாளில் எழுதியிருந்ததைப் பார்த்ததுமே சூடு என்று புரிந்தது. பயோஸில் வெப்பநிலை காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்தேன். 60, 70 டிகிரி என்று நிமிடத்துக்கு நிமிடம் ஏறி 90-ஐத் தாண்டியது. கணினியின் மூளையான பிராசசர் கருகாமல் இருக்கத் தானே அணைந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகட்டுக் கட்டான ஹீட் சிங்க்கைக் கையால் லேசாக ஆட்டினால் ஆடியது. இன்டெல் விசிறிகளுக்கு நான்கு மூலையிலும் அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் கால்கள் உண்டு. அதில் ஒன்று பூட்டு விட்டு மேலே வந்திருந்தது. கழற்றிப் பார்த்தால், அடியில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புப் பொடியாக உதிர்ந்தது. தகடுகளுக்கு இடையில் செம்மண் தூசி அடைத்துக்கொண்டிருந்தது, பெட்டியின் தரையில் இரண்டு பல்லி முட்டை ஓடு ஒட்டிக்கிடந்தது. தூரிகையால் தூசியைத் தட்டி, மருந்துக் கடையில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, நடுவில் கொஞ்சமாகப் புதுப் பேஸ்ட் வைத்தேன். கால்களை எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். ஒரே பக்கத்து இரண்டை முதலில் அழுத்தினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். நான்கும் 'டிக்' என்று பூட்டியதா என்பதை மதர்போர்டின் பின்பக்கமும் பார்த்து உறுதி செய்தேன். இப்போது பயோஸில் 45-ஐ ஒட்டி நிற்கிறது. மஞ்சள் வயரில் விண்டோஸ் ஏறும்போதும் 12 வோல்ட்.

கடைக்குத்தான் கொண்டுபோவேன் என்பவர்களும் அந்தத் தாளைக் கையோடு கொண்டு போங்கள். எத்தனை விநாடி, எந்தக் கட்டம், எதை மாற்றியபோது என்ன ஆனது என்று எழுதியதைக் கொடுத்துவிட்டு, "மதர்போர்டை மாற்றுவதற்கு முன்னால் வேறு பவர் சப்ளை மாட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சில நிமிட வேலைதான் அது.

என் அறையில் இப்போது தினமும் கடை மூடும்போது கோப்புகள் வெளி டிஸ்க்குக்கும் போகின்றன. இடி கேட்டால் சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கையே பிடுங்கிவிடுகிறேன். கணினிக்கு வரும் இணைய வயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும், ஏனென்றால் செம்புக் கம்பி எதுவானாலும் அதன் வழியாகவும் இடி உள்ளே வரும்.